தேதி போடாத லீவ் லெட்டர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

டைம் ஆபீஸின் வணக்கம்.

நேற்றுக் காலை நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன லீவ் லெட்டர் என் முன்னால் இருக்கிறது. அடியில் வழக்கம்போல் 'சாங்ஷன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பேனா, தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன். உனக்கு அன்று வார ஓய்வு வேறு, சமையலுக்கும் லீவு கேட்கிறாய் என்று நினைத்துவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து நீ எனக்குக் கொடுத்த லீவ் லெட்டர் எல்லாம் அந்த வகைதானே. 'துணி மடிக்க மனம் இல்லாத காரணத்தால் ஒரு நாள் லீவு தேவை' என்று நீ எழுதியதும், நான் 'அரை நாள் மட்டும்' என்று எழுதியதும், நீ கரண்டியோடு சண்டைக்கு வந்ததும் எனக்கு மறக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பேருக்குமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேன். அலமாரியில் உன் பக்கம் காலியாக இருந்தது. அப்புறம்தான் அந்தக் காகிதத்தைப் படித்தேன். 'ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ்.' ஒரே ஒரு வரி. காரணம் இல்லை. எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை என்றும் இல்லை.

கம்பெனியின் லீவுக் கணக்குப் பார்க்கும் என் மேஜைக்கு இப்படி ஒரு லெட்டர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியாதா? எங்கள் டைம் ஆபீஸுக்கு நேர் மேலே, லேபில் உட்கார்ந்து பிஸ்கட்டை உடைத்து உடைத்து ஈரம் பார்க்கிறவள்தானே நீ. உன் மேனேஜரிடம், அவசர வேலையாக அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா போன் பண்ணினார்கள். நீ பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொன்னார்கள். உன்னிடம் கொடுங்கள் என்றேன். பேச மாட்டாளாம், லெட்டர் எழுதச் சொல்கிறாளாம். காலையில் பஸ் ஏறினால் மதியம் வந்துவிடும் ஊருக்கு லெட்டரா என்று சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எப்போது வருகிறாய்? தேதியை மட்டும் எழுதி அனுப்பு. மற்றதை நான் நிரப்பிக்கொள்கிறேன். சகலையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
படிக்காமல் சாங்ஷன் செய்த
டைம் ஆபீஸ்


ஜூன் 9

அன்புள்ள டைம் ஆபீஸுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறீர்கள் என்பதைத் தவிர.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், காலடியில் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கதவு இடுக்கில் நீங்கள் தெரிந்தீர்கள். காகிதத்தைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு பேனாவை எடுத்தீர்கள். ஒரே வரிதானே, படித்துவிட்டு 'எதுக்குடி லீவு?' என்று ஒரு குரல் கொடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். அந்தக் கேள்வி வந்திருந்தால் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருப்பேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனீர்கள்.

அவ்வளவு பேருக்கு லீவு கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிட்டது, தெரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

போன் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஏதாவது ஆரம்பிப்பேன், நீங்கள் 'சரி, விடு' என்பீர்கள். பிப்ரவரியிலிருந்து அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் உங்கள் வாயிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. லெட்டரில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பக்கம் காலியாக இருப்பது தெரிந்துவிடும்.

தேதியைத் தெரிந்தேதான் போடவில்லை. எனக்கே தெரியாதே.

அத்தான் உங்களைக் கேட்டதாகச் சொன்னார். ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் விடுங்கள்.

மேடம்


ஜூன் 14

என் அன்பு மேடத்துக்கு,

செடிக்குத் தண்ணீர் விட்டேன். அதிகமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது, இலை பழுத்துக் கொட்டுகிறது. மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, 'ஆம்பள தனியா இருக்கற வீடுன்னு செடியைப் பார்த்தாலே தெரியுது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பால் இரண்டு தடவை பொங்கிவிட்டது. குளியலறைக் குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது, பாட்டு மட்டும்தான் பாடவில்லை. இதை எல்லாம் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அதற்காகவும்தான்.

ஆபீஸில் ஒரு கூத்து. அடுப்புப் பிரிவில் இருக்கிறானே நெட்டையன், மாமனார் செத்துவிட்டார் என்று லீவு கேட்டு வந்தான். போன வருஷமும் அதே மாமனார்தான் செத்தார். என்னப்பா இது என்றேன். கொஞ்சமும் அசராமல், 'அப்ப சீரியஸா இருந்தார் சார், பொழைச்சிட்டார்' என்றான். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆனால் இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான்.

உன் லெட்டர் வந்த மறுநாள் மேனேஜர் ரூமில் இருக்கும் பெரிய இங்கிலீஷ் டிக்‌ஷனரியைக் கேட்டு வாங்கினேன். இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் சோறு தின்கிறேன், ஒரு நாளும் அர்த்தம் பார்த்ததில்லை. லீவ் என்பதற்கு முக்கால் பக்கம் போட்டிருக்கிறான். நாம் போடுகிற லீவு ஓர் ஓரமாகத்தான் இருக்கிறது. கிளம்பிப் போவதும் லீவ். ஒன்றை மறந்து வைத்துவிட்டு வருவதும் லீவ், பஸ்ஸில் குடையை விடுவதுபோல. ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் அதேதான். ஒரு வேலையை இன்னொருவர் பொறுப்பில் விடுவது, கழித்த பிறகு மிச்சம் நிற்பது, செத்துப்போனவர் பின்னால் இருப்பவர்களுக்கு வைத்துவிட்டுப் போவது, எல்லாம் அந்தச் சொல்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய அர்த்தம் ஒன்று இருந்ததாம். அனுமதி. ஒரே சொல் எப்படி அனுமதி கேட்கவும் செய்யும், கேட்காமல் எழுந்து போகவும் செய்யும் என்று எனக்கு விளங்கவில்லை. நம் பாஷையில் இந்தக் குழப்பம் கிடையாது. போகிறவன்கூட வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான்.

நீ எழுதிய லீவ் இதில் எது? தயவுசெய்து சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் பரவாயில்லை இல்லை. கிளம்பிப் போவதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சின்ன அறையை நான் திறப்பதில்லை. மற்றபடி வீடு சுத்தமாக இருக்கிறது.

உன்
டைம் ஆபீஸ்


ஜூன் 20

அன்புள்ள டைம் ஆபீஸுக்கு,

நெட்டையன் கதையை அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. அதற்கு அடுத்த பகுதியை நான் தனியாகப் படித்தேன்.

டிக்‌ஷனரியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள். மெட்டர்னிட்டி லீவ்.

பிப்ரவரியில் எனக்கு இருந்தது அதுதான். எட்டாம் மாதம், கால் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாமல், உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். ஏப்ரலில் திரும்ப வேலைக்கு வந்தபோது என் லீவ் கார்டைப் பார்த்தேன். மெட்டர்னிட்டி என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சிக் லீவ். நீங்கள் எழுதும் எஸ், வால் நீண்ட எஸ், எனக்குத் தெரியாதா? குழந்தை உயிரோடு இல்லையென்றால் நம் கம்பெனியில் அது பிரசவ லீவு ஆகாது, உடம்பு சரியில்லாத கணக்கில் போகும் என்று லேபில் யாரோ விளக்கம் சொன்னார்கள். எனக்கு என்ன காய்ச்சலா அடித்தது? வலித்தது, பெற்றேன், பால்கூடக் கட்டியது. புடவை நனைந்துவிடுமே என்று துண்டை மடித்து வைத்துக்கொண்டு அழுதவள் நான். அத்தனையையும் ஒரு கோடு போட்டு ஜலதோஷம் ஆக்கிவிட்டீர்கள்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். விதி கம்பெனியுடையது, நீங்கள் சம்பளக்காரர். ஆனால் இன்னொன்று உங்களுடையது மட்டும்.

பெற்ற கையோடு எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். நான் கண் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்களும் அத்தானும் அடக்கம் செய்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் நின்றீர்கள். அவள் முகத்தைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். அத்தான்கூடத் துணியை விலக்கவில்லையாம். எப்படி இருந்தாள் என்று அன்றைக்குக் கேட்டேன். 'சரி, விடு' என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், லைட்டை அணைத்துவிட்டு முகம் தெரியாமல் கேட்டால் சொல்வீர்களோ என்று அப்படியும் கேட்டுப் பார்த்தேன். சரி, விடு. எதை விடுவது? விடுவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டாமா? எனக்கு அவளைக் காட்டவே இல்லையே.

நான் எழுதிய லீவ் எது என்று கேட்டீர்கள். அவள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். அதைப் படித்த பிறகு எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

மேடம்


ஜூன் 26

அன்புள்ள உனக்கு,

கார்டில் அதை மாற்றச் சொல்லி மேனேஜர் என் உதவியாளனிடம்தான் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போய், யாரும் வருவதற்கு முன்னால், ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டைப் போட்டேன். இன்னொருத்தன் கை அதில் படக் கூடாது என்று தோன்றியது. வேகமாக அடித்துவிட்டுப் போயிருப்பான். நான் அடியில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி மெல்லிசாகத்தான் போட்டேன். போய்ப் பார், இப்போதும் படிக்க முடியும்.

இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

குழாய்க்காரன் வந்தான், வாஷர் மாற்றினான், இப்போது சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் வீட்டில் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. செடி ஒருவழியாகத் துளிர் விட்டிருக்கிறது. மாடி வீட்டம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்டார்கள்.

நீ கேட்ட மற்றதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ அங்கே நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு. அதைத் தெரிந்து இப்போது என்ன ஆகப் போகிறது, விடு.

உன்
டைம் ஆபீஸ்


ஜூலை 2

டைம் ஆபீஸுக்கு,

கோடு மெல்லிசாகப் போட்டதைப் படித்து அழுதேன். உங்களை நினைத்துத்தான் அழுதேன், காலையில் யாருமில்லாத ஆபீஸில் ஸ்கேலோடு நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்து. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். எழுதினால் அந்தச் சொல் வராது என்று நம்பியிருந்தேன். பேனாவிலும் வருகிறது.

வீடு என்று எழுதும்போது மேலே ஒரு சுழி வைக்கிறோம். அதை வைக்காமல் விட்டால் விடு. நீங்கள் எனக்கு எப்போதும் சுழி இல்லாததைத்தான் தந்துகொண்டிருக்கிறீர்கள்.

இங்கே ஜாம் கம்பெனி ஒன்றில் லேபுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். அத்தான் விசாரித்தார். போய்ப் பார்த்தேன், எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக் கோட்டு, தராசு, அதே வேலை. பிஸ்கட்டுக்குப் பதில் பழம். நம் கம்பெனியிலிருந்து விடுவித்ததாக லெட்டர் வேண்டுமாம். இந்த மாதப் பாதிக்குள் ராஜினாமா அனுப்ப வேண்டும். அது உங்கள் மேஜைக்குத்தான் வரும். அதையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு லெட்டர் வந்தால் படிப்பேன். குழாயையும் செடியையும் பற்றி என்றால் வேண்டாம்.

நான்


ஜூலை 8

என் அன்பு மேடத்துக்கு,

இன்று லீவு போட்டிருக்கிறேன். மேனேஜர் எந்த லீவு என்று கேட்டார். கேஷுவலா, சிக்கா, எதில் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. காரணம் என்ற இடத்தில், என் மகளைப் பற்றி என் மனைவிக்கு எழுத வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். கையெழுத்துப் போட்டார். சின்ன அறையைத் திறந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு பெஞ்ச் இருந்தது. நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நம் கம்பெனிப் பெரிய பாக்கெட் கனம் இருந்தாள், அவ்வளவுதான். துணியை விலக்கினேன்.

நெற்றி உன்னுடையது. அகலம். புருவம் இருக்கும் இடத்தில் முடி இல்லை, மெல்லிசாக ஒரு நிழல்தான். தலை நிறையக் கறுப்பு முடி, ஈரமாக ஒட்டிக் கிடந்தது. காய்ந்தால் சுருண்டிருக்கும். மூக்கு என் மூக்கு, அதற்கு நான் என்ன செய்ய. இடது காது நுனியில் கொஞ்சம் மடிந்திருந்தது. விரலால் நீவி விட்டேன், திரும்ப மடிந்துகொண்டது. நகம் வளர்ந்திருந்தது. இதை யார் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன், பயந்து பயந்து நீதான் வெட்டியிருப்பாய். கீழுதட்டை உள்ளே மடித்து வைத்திருந்தாள். தராசு முள்ளைப் பார்க்கும்போது நீ மடிப்பாயே, அதே மாதிரி. அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் 'வந்துட்டியாம்மா' என்றேன். அவ்வளவுதான் நான் அவளிடம் பேசியது.

என் சுண்டு விரலை அவள் கைக்குள் வைத்தேன். விரல்கள் மேலே கிடந்தன. பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன், பிடித்துவிடுவாள் என்று.

அப்புறம் நர்ஸ் வந்து கேட்டாள். நான் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அவள் துணியைப் பிடித்து மெதுவாக இழுத்து, 'விடுங்க சார்' என்றாள். நான் விடவில்லை. இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள். 'விடுங்க சார்.' விட்டேன்.

அன்றிலிருந்து என் வாயில் அந்தச் சொல்தான் நிற்கிறது. நீ அவளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கையில் துணி இருக்கிறது, யாரோ இழுக்கிறார்கள். விடு என்று நான் சொன்னது ஒரு தடவைகூட உனக்கு இல்லை. எனக்கு.

இந்தா, அவளை உனக்குத் தந்துவிட்டேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

இதோடு நானும் ஒரு லீவ் லெட்டர் வைத்திருக்கிறேன். ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ். டிக்‌ஷனரியில் பார்த்தேனே, அந்தப் பழைய அர்த்தத்தில். நீ இருக்கும் இடத்துக்கு வர அனுமதி வேண்டும். தேதியைக் காலியாக விட்டிருக்கிறேன். எத்தனை நாள் என்று நீயே போடு. எவ்வளவு அதிகமாகப் போட்டாலும் சரி.

உன்
டைம் ஆபீஸ்


ஜூலை 13

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் லெட்டரை சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் என்ன இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை, அக்காதான் வந்து அணைத்தாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய்க் கீழுதட்டை மடித்துப் பார்த்தேன். மூக்கு விஷயத்தில் மட்டும் அவளுக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அவளை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காதை நீவி விட்டீர்களே, அதற்கு உங்களுக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

இந்த லெட்டர் வந்தால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பையைக்கூட முழுதாகப் பிரித்து வைக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துளிகூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது, ஏனென்றால் கோபம் போனபோது வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் சேர்ந்து போய்விட்டது. திரும்ப வந்தால் நான் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன், நீங்கள் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அப்படி இருந்து பார்த்துவிட்டோம். இன்னொரு தடவை என்னால் முடியாது. நான் வரமாட்டேன். எந்த லீவ் என்று கேட்டீர்களே, நீங்கள் எதுவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டீர்களோ அதுதான்.

பதிலுக்கும் விடை என்கிறோம், பிரியும்போது கொடுப்பதையும் விடை என்கிறோம். முதலாவதைக் கொடுத்துவிட்டீர்கள். இன்னொன்றையும் கொடுங்கள்.

ராஜினாமா இதோடு இருக்கிறது. காரணம் எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

உங்கள் லீவ் லெட்டரில் தேதி போட்டுவிட்டேன். ஜூலை 20 முதல் ஜூலை 20 வரை. காலை பஸ்ஸில் வாருங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள். தொட்டிலில் ஒரு மஞ்சள் சட்டை இருக்கும், அதை எடுத்து வாருங்கள். வேறு எதுவும் வேண்டாம். அக்காவும் அத்தானும் வெளியே போய்விடுவார்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, லிஃப்ட்டில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். நடுவில் அழுதாலும் நிறுத்த வேண்டாம். சட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். சாயங்கால பஸ்ஸுக்கு நானே வந்து ஏற்றி விடுகிறேன்.

சாங்ஷன்.

முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
உங்கள் மகளின் அம்மா